புகைக்கு வழி விட்டுட்டு மனுஷனுக்கு வழிய அடைச்சு வச்சிருக்கோம்: அடுக்குமாடி கட்டுறவங்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அடுக்குமாடி கட்டி விக்கிறவங்களுக்கு, அதுக்கு பிளான் போடுறவங்களுக்கு, கட்டி முடிச்ச பிறகு அதை பாத்துக்கிற சங்க நிர்வாகிகளுக்கு, எல்லாருக்கும் வணக்கம்.

நான் இருபது வருஷத்துக்கு கிட்ட சைட்ல எலக்ட்ரிக்கல், பிளம்பிங் வேலைய மேற்பார்வை பாத்தவன். ஸ்லாப்லயும் சுவர்லயும் ஓட்டை போடுறதுதான் பாதி நாள் எங்க வேலை. கேபிள் மேல ஏறணும்னா ஒரு ஓட்டை, தண்ணி பைப் கீழ இறங்கணும்னா ஒரு ஓட்டை, ஏசி பைப்புக்கு ஒண்ணு, கோர் கட்டிங் மெஷினை வச்சு போட்டு பைப்பை விட்டுட்டு அடுத்த மாடிக்கு போயிட்டே இருப்போம். சுத்தி இருக்கிற இடைவெளிய யாரு அடைக்கிறதுன்னு கேட்டா சிவில்காரங்க எங்களை காட்டுவாங்க, நாங்க சிவில்காரங்களை காட்டுவோம், கடைசில ஃபினிஷிங்ல பாத்துக்கலாம்னு ஒரு வார்த்தையோட போயிடும், ஃபினிஷிங்ல, கேபிளும் பைப்பும் மாடி மாடியா ஏறுற அந்த ஷாஃப்டுக்கு ஒரு அழகான கதவு வந்துடும், உள்ள என்ன இருக்குன்னு அதுக்கப்புறம் யாரும் பாக்க மாட்டாங்க.

நான் வேலை பாத்த ஒரு கட்டடத்துல ஆளுங்க குடிவந்து மூணு வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி கீழ மீட்டர் ரூம்ல லூஸ் கனெக்‌ஷன் சூடாகி கேபிள் கருகிடுச்சு. தீன்னு பாத்தா ஒரு பீரோ அளவு கூட இல்ல, வாட்ச்மேனே தீயணைப்பு சிலிண்டரை வச்சு அணைச்சுட்டாரு. ஆனா அதுக்குள்ள புகை ஷாஃப்ட் வழியா ஏறி எட்டாவது மாடி லாபி முழுக்க நிறைஞ்சு, பக்கத்துல நிக்கிறவங்க முகம் தெரியாத அளவுக்கு ஆயிடுச்சு. கதவை திறந்து வெளிய வந்த ஒரு வயசான அம்மாவும் அவங்க மகனும் படிக்கட்டை தேடிக்கிட்டே மயங்கி விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில பல நாள் இருந்து பொழைச்சு வந்தாங்க. மறுநாள் நான் போய் அந்த ஷாஃப்டுக்குள்ள டார்ச் அடிச்சு பாத்தேன், கீழ இருந்து மொட்டைமாடி ஸ்லாப் வரைக்கும் நேரா தெரிஞ்சுது. ஒரு மாடியில கூட ஓட்டைய அடைக்கல. அந்த ஓட்டைங்களை போட்டது என்னோட டீம்தான். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, அதுக்கப்புறம் எந்த கட்டடத்துக்குள்ள போனாலும் முதல்ல ஷாஃப்டையும் படிக்கட்டு கதவையும்தான் கண்ணு தேடுது.

ஏன் இந்த ரெண்டையும் சொல்றேன்னா, அடுக்குமாடியில ஆளுங்க பெரும்பாலும் நெருப்புல வெந்து சாகுறதில்ல, புகையில மூச்சு முட்டி சாகுறாங்க. எரியுற சோஃபா, மெத்தை, பிளாஸ்டிக், ஒயர் கோட்டிங் இதுல இருந்தெல்லாம் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வருது, கொஞ்ச நேரம் உள்ள இழுத்தா போதும், காலு வலுவிழந்து எந்த பக்கம் போறோம்னே புரியாம உக்காந்துடுவோம். புகை சூடா இருக்கிறதால மேல போகப் பாக்கும், நீங்க ஷாஃப்ட்னு கட்டி வச்சிருக்கிறது அதுக்கு ஒரு புகைபோக்கி மாதிரி, லிஃப்ட் குழியும் அப்படித்தான், கதவு திறந்து கிடந்தா படிக்கட்டும் அப்படித்தான். அதனாலதான் மூணாவது மாடியில தீ பிடிச்சா நாலாவது மாடிய விட்டுட்டு பத்தாவது மாடியில ஆள் மயங்குறது நடக்குது.

2022 ஜனவரி 9ஆம் தேதி நியூயார்க் பிராங்க்ஸ்ல நடந்ததை நீங்க ஒருதடவை பொறுமையா படிச்சு பாக்கணும். ட்வின் பார்க்ஸ்னு 19 மாடி குடியிருப்பு. குளிருக்கு வச்சிருந்த எலக்ட்ரிக் ஹீட்டர்ல பழுதாகி ஒரு வீட்டுல தீ பிடிச்சுது. நெருப்பு அந்த வீட்டையும் வெளிய இருந்த நடைவழியையும் தாண்டி பெருசா போகவே இல்ல. ஆனா இறந்தவங்க 17 பேர், அதுல 8 பேர் குழந்தைங்க, எல்லாருமே புகையால. அந்த வீட்டு ஆளுங்க தப்பிச்சு ஓடும்போது கதவு தானா மூடியிருக்கணும், மூடல. மேல 15ஆவது மாடியில படிக்கட்டு கதவு ஒண்ணும் திறந்து கிடந்துச்சு. அந்த ரெண்டு கதவுக்கு நடுவுல புகைக்கு ஒரு நேர் பாதை கிடைச்சு, படிக்கட்டுல இறங்கிக்கிட்டு இருந்தவங்க மேலயே அது ஏறிடுச்சு. கதவை இழுத்து மூடுற அந்த க்ளோசர் ரொம்ப சின்ன பொருள், ஒரு ஸ்க்ரூ லூசானாலே அது வேலை செய்யாது, யாராவது பாத்து முடுக்கியிருந்தா 17 பேர் வீட்டுல இருந்திருப்பாங்களோன்னு எனக்கு இன்னும் தோணிக்கிட்டே இருக்கு.

சங்கத்துக்காரங்களே, உங்க கட்டடத்துல படிக்கட்டு கதவு எப்படி இருக்கு? நான் பாத்த வரைக்கும் பாதி இடத்துல செங்கல் முட்டு கொடுத்து வச்சிருக்காங்க, காத்து வரணும்னு, இல்ல குழந்தைங்க விரல் மாட்டிக்கும்னு, இல்ல சாமான் தூக்கிட்டு போக வசதியா இருக்கணும்னு. எல்லாமே நியாயமான காரணம்தான், நான் குறை சொல்லல, ஆனா ஃபயர் டோர்ங்கிறது மூடியிருந்தாத்தான் ஃபயர் டோர், திறந்து கிடந்தா அது வெறும் பலகை. அந்த கதவு ஓரத்துல ஒரு மெல்லிசான பட்டை ஓடுறதை பாத்திருப்பீங்க, சூடு பட்டா அது ஊதி பெருசாகி கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இருக்கிற இடுக்கை அடைக்கும். அதனாலதான் அந்த இடுக்கு 3 மில்லிமீட்டர் கிட்ட இருக்கணும்னு சொல்றது. பெயிண்ட் அடிக்க வர்றவங்க அந்த பட்டைய பிச்சு எறிஞ்சுடுறாங்க, அசிங்கமா இருக்குன்னு. கார்பென்டர் கதவு தரையில உரசுதுன்னு கீழ ரெண்டு விரல் அளவுக்கு அறுத்துடுறாரு. பழைய க்ளோசர் ரிப்பேர்னா கழட்டி வச்சுட்டு மறுபடி மாட்டுறதே இல்ல. முப்பது நிமிஷம் தாங்கணும்னு டெஸ்ட் பண்ணி வந்த கதவு இப்படியே கொஞ்சம் கொஞ்சமா வெறும் கதவாயிடுது, யாருக்கும் தெரியிறது கூட இல்ல.

வீட்டுக்குள்ள இருக்கிற சாதாரண கதவுக்கும் இதுல பங்கு இருக்கு. அமெரிக்காவுல யுஎல்ங்கிற பாதுகாப்பு சோதனை அமைப்போட ஆராய்ச்சிக்காரங்க வீடுங்களை எரிச்சு அளந்து பாத்து சொன்னது, படுக்கையறை கதவு மூடியிருந்தா உள்ள 100 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம், அதாவது ஒரு வெயில் நாள் சூடு, திறந்திருந்தா 1000 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் போகுதுன்னு. ராத்திரி கதவை மூடிட்டு படுக்கிறதுக்கு யாருக்கும் செலவு இல்ல. இதை சங்கம் ஒரு நோட்டீஸ் போட்டு ஒட்டினாலே போதும்.

இப்ப கட்டுறவங்க கிட்ட வர்றேன்.

கான்கிரீட்டும் செங்கல்லும் எரியாதுன்னு நீங்க சொல்றது உண்மைதான், ஆனா அதோட கதை முடியல. உள்ள இருக்கிற கம்பி 600 டிகிரி செல்சியஸ் பக்கம் போனா பலத்துல பாதிய இழந்துடும், ஒரு ரூம் நல்லா எரிய ஆரம்பிச்சா அரைமணி நேரத்துல 800 டிகிரிய தாண்டிடும். கம்பிய காப்பாத்துறது அது மேல இருக்கிற கான்கிரீட் கவர் மட்டும்தான். சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவுல இடைவெளி விடுற கவர் பிளாக்கை வைக்காம கம்பிய அப்படியே போட்டு கான்கிரீட் கொட்டுற சைட் எத்தனை பாத்திருக்கேன், ஸ்லாப் அடியில கம்பி தடமே தெரியும், அதை பூச்சு வேலையில மறைச்சுடுவாங்க. நாள்பட்டா துரு பிடிக்கும்னுதான் எல்லாரும் திட்டுவாங்க, தீ பிடிச்சா அந்த ஸ்லாப் எத்தனை நிமிஷம் நிக்கும்னு யாரும் கேக்கிறதில்ல. வெறும் இரும்பு பீம்ல கட்டுற இடத்துல இன்னும் மோசம், அதுக்கு மேல தீ தாங்குற பெயிண்டோ போர்டோ இல்லன்னா அது வளைஞ்சு கொடுத்துடும்.

எனக்கு ரொம்ப பயம் வெளிச்சுவர் மேல ஒட்டுற பளபள ஷீட்டுங்க. லண்டன்ல கிரென்ஃபெல் டவர், 24 மாடி, உள்ள எல்லாம் நல்ல கான்கிரீட். அழகுக்கும் குளிருக்கும்னு சொல்லி வெளிய ஒட்டின அலுமினிய பேனல் ரெண்டு தகடுக்கு நடுவுல பாலிஎத்திலீன், அதாவது கிட்டத்தட்ட கெட்டியான எரிபொருள், அதுக்கு பின்னாடி எரியுற ஃபோம், நடுவுல காத்து போற இடைவெளி. 2017 ஜூன் 14 நடுராத்திரி தாண்டி நாலாவது மாடியில ஒரு ஃப்ரிட்ஜ்ல பிடிச்ச தீ ஜன்னல் வழியா வெளிய வந்து அந்த பேனலை பிடிச்சு, அரைமணி நேரத்துக்குள்ள உச்சிக்கு போயிடுச்சு. 72 பேர் போயிட்டாங்க. அந்த கட்டடத்துக்கு இருந்தது ஒரே ஒரு படிக்கட்டு. வீட்டுக்குள்ளயே இருங்கன்னு சொல்றதுதான் அங்க வழக்கம், ஏன்னா ஒவ்வொரு வீடும் ஒரு பெட்டி மாதிரி தீயை உள்ளயே அடைச்சு வைக்கும்னு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை தப்பில்ல, பெட்டி உண்மையிலேயே பெட்டியா இருந்தா வீட்டுக்குள்ள இருக்கிறதுதான் பல நேரம் பத்திரம், ஆனா வெளிய எரியுற ஷீட்டை ஒட்டி அந்த பெட்டிய உடைச்சது கட்டினவங்க, அதை நம்பி உள்ள உக்காந்திருந்தது குடியிருந்தவங்க. அந்த அறிவுரைய மாத்துறதுக்குள்ள மணி 2:47 ஆயிடுச்சு. நிறைய வீட்டு கதவுல க்ளோசர் இல்ல, இல்லன்னா வேலை செய்யல, அதனால புகை லாபிக்கும் படிக்கட்டுக்கும் வந்துடுச்சுன்னு விசாரணையிலயும் சொல்லியிருக்காங்க. பாருங்க, இங்கயும் கதவுதான்.

இதுக்கு மூணு வருஷம் முன்னாடியே 2014ல மெல்போர்ன்ல லாக்ரோஸ்னு ஒரு அடுக்குமாடியில பால்கனியில அணைக்காம விட்ட ஒரு சிகரெட்ல இருந்து இதே மாதிரி பேனல் பிடிச்சு எட்டாவது மாடியில இருந்து உச்சி வரைக்கும் ஏறியிருக்கு. அங்க ஒருத்தரும் சாகல, தீ சூட்டுல தானா தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளர் வேலை செஞ்சுது, நானூறு பேருக்கு மேல வெளிய இறங்கிட்டாங்க. துபாய்ல டார்ச் டவர் 2015லயும் 2017லயும் ரெண்டு தடவை வெளிப்பக்கம் எரிஞ்சும் உயிர்சேதம் இல்லாம ஆளுங்க இறங்கி வந்தாங்க. ஷீட் ஒரே ரகம்தான், ஆனா வழி திறந்திருந்த இடத்துல ஆளுங்க பொழைச்சுக்கிட்டாங்க. இதை நான் ஷீட்டுக்கு சப்போர்ட்டா சொல்லல, அந்த ஷீட்டை ஒட்டவே கூடாது, ஒட்டியிருந்தா கழட்டணும்.

ஸ்ப்ரிங்க்ளர் பத்தி ஒரு வார்த்தை, நிறைய பேர் ஒரு இடத்துல புகை வந்தா வீடு முழுக்க தண்ணி கொட்டி சாமான் எல்லாம் நாசமாகும்னு நினைச்சு வேணாம்னு சொல்றாங்க, அப்படி இல்ல. தண்ணி தெளிக்கிற ஒவ்வொரு தலையிலயும் ஒரு கண்ணாடி குப்பி இருக்கு, சிவப்பு குப்பின்னா 68 டிகிரி செல்சியஸ் ஆனாத்தான் உடையும், உடைஞ்ச தலையில இருந்து மட்டும்தான் தண்ணி வரும். புகைக்கு அது உடையாது. இதை தெரிஞ்சுக்காம ஃபால்ஸ் சீலிங் போடும்போது அந்த தலைய சீலிங்குக்கு மேல விட்டு மூடிடுறவங்க இருக்காங்க, பெயிண்ட் அடிச்சு அடைச்சுடுறவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு அதை பண்ணாதீங்க.

ஓட்டை விஷயத்துக்கு திரும்ப வர்றேன், ஏன்னா இது என் துறை, என் பாவமும் கூட. ஸ்லாப்ல கேபிள் ட்ரே போற ஓட்டைய தீ தாங்குற மார்ட்டரோ, அதுக்குன்னு டெஸ்ட் பண்ணின போர்டோ சீலன்டோ வச்சு அடைக்கணும். நாங்க என்ன பண்ணுவோம்னா, ஒரு டப்பா ஃபோமை பீச்சி அடிச்சு மேல கத்தியால சீவிடுவோம், பாக்க நல்லா இருக்கும், அந்த சாதாரண ஃபோமே நல்லா எரியும். பிவிசி பைப் போற இடத்துல சுத்தி சிமென்ட் வச்சு அடைச்சா மட்டும் போதாது, பைப் உருகி போயிடும், உருகின இடத்துல அதே அளவுக்கு ஒரு ஓட்டை நிக்கும். அதுக்கு காலர்னு ஒரு வளையம் இருக்கு, சூட்டுல ஊதி உருகுற பைப்பை நெரிச்சு மூடிடும், அதை ஸ்லாப் அடியில மாட்டணும். இது எல்லாம் மொத்த செலவுல ஒரு ஓரத்துல நிக்கிற பணம். டெண்டர்ல இதுக்குன்னு தனி ஐட்டமே போடாததுதான் பிரச்சனை, ஐட்டம் இல்லன்னா காண்ட்ராக்டர் ஏன் செய்வாரு. பிளான் போடுறவங்களே, ஓட்டைக்கு ஒரு நம்பர் கொடுங்க, அடைச்ச பிறகு ஃபோட்டோ எடுத்து அந்த நம்பரோட ஃபைல்ல வைக்க சொல்லுங்க, ஃபோட்டோ இல்லாத ஓட்டைக்கு பில் பாஸ் பண்ணாதீங்க. லண்டன்லயே லகானல் ஹவுஸ்னு ஒரு கட்டடத்துல 2009ல 6 பேர் இறந்தாங்க, பழுது பாக்குறேன்னு பின்னாடி செஞ்ச வேலைங்க தீயை தடுக்கிற தடுப்புங்களை கெடுத்து வச்சிருந்துச்சு. கட்டும்போது சரியா இருந்தாலும் பின்னாடி இன்டர்நெட் கேபிள் இழுக்க வர்றவரு ஒரு புது ஓட்டை போட்டுட்டு போயிடுவாரு, அதையும் சங்கம் கவனிக்கணும்.

ரிப்பேர் நேரத்துல கட்டடம் இன்னும் பலவீனமா இருக்கு. 2025 நவம்பர் 26 ஹாங்காங்ல டாய் போங்கிற இடத்துல வாங் ஃபுக் கோர்ட்னு எட்டு டவர் உள்ள குடியிருப்புல, சாரமும் வலையும் கட்டி, ஜன்னலை எல்லாம் ஃபோம் போர்டு வச்சு மறைச்சு வேலை நடந்துக்கிட்டு இருந்தப்ப தீ பிடிச்சு ஏழு டவருக்கு பரவிடுச்சு, 150 பேருக்கு மேல இறந்தாங்க. பெயிண்ட் வேலைன்னு சாரம் கட்டும்போது சுத்தி போடுற வலை எரியாத ரகமான்னு ஒரு துண்டு வெட்டி வாங்கி டெஸ்ட் பண்ண சொல்லுங்க, அலாரத்தை வேலைக்காக ஆஃப் பண்ணி வைக்க விடாதீங்க.

படிக்கட்டுக்கு வருவோம். தீ பிடிச்ச நேரத்துல லிஃப்ட் நம்மளோடது இல்ல, படிக்கட்டு ஒண்ணுதான் வழி, அதையே நாம ஸ்டோர் ரூமா ஆக்கிட்டோம். பழைய சைக்கிள், பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்ட், பழைய மெத்தை. அதெல்லாம் கால் தடுக்கும்ங்கிறது ஒண்ணு, அதுவே எரிஞ்சு புகையும் விடும்ங்கிறது இன்னொண்ணு. இப்ப புதுசா எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிய கழட்டி கொண்டு வந்து படிக்கட்டு ஓரத்துல இருக்கிற பிளக்ல சார்ஜ் போடுறாங்க. லித்தியம் பேட்டரி உள்ள ஒரு செல் கெட்டு சூடானா பக்கத்து செல்லையும் இழுத்துக்கும், சில நொடியில புகையும் ஜுவாலையுமா சீறும், சின்ன சிலிண்டரால அதை அடக்க முடியாது. வெளிய போற ஒரே வழியில அதை வச்சா, மேல இருக்கிற அத்தனை பேரையும் நாமளே உள்ள வச்சு அடைச்ச மாதிரி. அதுக்கு வெளிய திறந்தவெளியில ஒரு இடம் ஒதுக்குங்க, இதுல மட்டும் சங்கம் கொஞ்சம் கடுமையா இருந்தா யாரும் கோவிச்சுக்க கூடாது.

மொட்டைமாடி கதவும் தரைதள கதவும் பூட்டியே இருக்கு, திருட்டு பயம். பயம் புரியுது. வெளிய இருந்து திறக்க முடியாம, உள்ள இருந்து தள்ளினா மட்டும் திறக்கிற பேனிக் பார்னு ஒண்ணு இருக்கு, அதை மாட்டினா ரெண்டு பயமும் தீரும். ஆனா மேல ஓடுறதை பழக்கமா வச்சுக்காதீங்க, புகையும் மேலதான் போகும். கதவு வெளிய போற பக்கமா திறக்கணும், உள்பக்கம் திறக்கிற கதவுல கூட்டம் முட்டி நின்னா யாராலயும் இழுக்க முடியாது. ஜன்னலுக்கு மொத்தமா கிரில் போட்ட வீடுங்கள்ல ஒரு ஜன்னல்லயாவது உள்ள இருந்து சாவி இல்லாம திறக்கிற மாதிரி வைங்க. படிக்கட்டு விளக்கு மெயின் கரன்ட் போனாலும் எரியணும், பேட்டரி விளக்கை மாட்டிட்டு அஞ்சு வருஷம் தொடாம விட்டா அது எரியாது, மாசம் ஒருதடவை பட்டனை அமுக்கி பாருங்க.

புதுசா கட்டுறவங்க கிட்ட ஒரே வேண்டுகோள், ரெண்டு படிக்கட்டு வைங்க, ஒண்ணுக்கொண்ணு தள்ளி வைங்க. ஒரே லாபியில முதுகோட முதுகு ஒட்டின ரெண்டு படிக்கட்டு காகிதத்துல ரெண்டு, புகை வந்தா ஒண்ணுதான். ஒரு மாடிக்கு ஒரு படிக்கட்டு இடம் போனா விக்கிற சதுர அடி குறையுதுன்னு எனக்கும் தெரியும், மீட்டிங்ல உக்காந்து அந்த கணக்கை கேட்டவன்தான் நானும். உயரமான கட்டடம்னா படிக்கட்டுக்குள்ள காத்தை அழுத்தி விடுற ஃபேன் வைங்க, 50 பாஸ்கல் பக்கம் அழுத்தம் இருந்தாலே கதவு இடுக்கு வழியா புகை உள்ள வராது, ஆனா அளவுக்கு மீறி அழுத்தினா ஒரு பாட்டியால கதவை திறக்க முடியாது, அதையும் ஆளை வச்சு தள்ளி பாத்து செட் பண்ணுங்க.

பாட்டின்னு சொன்னதும் ஞாபகம் வருது. வீல்சேர்ல இருக்கிறவங்க, முட்டி வலிக்காரங்க, இப்பதான் பிரசவம் ஆனவங்க, இவங்க எந்த எந்த வீட்டுல இருக்காங்கன்னு ஒரு பட்டியல் வாட்ச்மேன் கிட்ட இருக்கா? அவங்க சம்மதத்தோட எழுதி வைங்க, பக்கத்து வீட்டுல ரெண்டு பேரை பொறுப்பா போடுங்க, படிக்கட்டுல இறக்குற நாற்காலி ஒண்ணு வாங்கி வச்சு அதை எப்படி பிடிக்கணும்னு ஒருதடவை பழகி பாருங்க. தீ ஒத்திகைன்னா அலாரம் அடிச்சு கீழ நின்னு குரூப் ஃபோட்டோ எடுக்கிறது இல்ல, இவங்களை கீழ கொண்டு வந்து சேக்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு பாக்கிறதுதான்.

அடுத்த மீட்டிங்ல சுண்ணாம்பு, பெயிண்ட், பார்க்கிங் எல்லாம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்க. எல்லாரும் கீழ வாங்க, எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு மீட்டர் ரூம் பக்கத்துல இருக்கிற ஷாஃப்ட் கதவை திறக்க சொல்லுங்க, கேபிளை யாரும் தொட வேணாம், வெளிய நின்னு ஒரு நல்ல டார்ச்சை மேல் நோக்கி அடிங்க. வெளிச்சம் முதல் மாடி ஸ்லாப்ல பட்டு நிக்கணும். நிக்காம போச்சுன்னா எத்தனை மாடி தாண்டி போகுதுன்னு எண்ணி, அந்த எண்ணிக்கைய தேதியோட மினிட்ஸ் புக்ல எழுதி, எல்லாரும் கையெழுத்து போடுங்க.